இறப்பைச் சொல்லும் நடை: கண்ணீர் வரவழைக்கும் மூன்று தொலைக்காட்சிப் பகுதிகள்

1. முன்னுரை

தொலைக்காட்சித் தொடர்களைக் குறித்த திறனாய்வில் கண்ணீருக்கு மதிப்பான இடம் கிடைத்ததில்லை. ஒரு தொடர் பார்ப்போரை அழவைக்கிறது என்றால், அது பின்னணி இசையாலும் மிகை நடிப்பாலும் மலிவான உணர்ச்சியைத் தூண்டுகிறது என்றே பொதுவாகப் பொருள்கொள்ளப்படுகிறது. இக்கணிப்பு பல தொடர்களுக்குப் பொருந்தவே செய்யும். ஆயினும், ஒளிபரப்பாகி நெடுங்காலம் கடந்த பின்னரும் பார்வையாளர் நினைவில் நிற்கும் சில பகுதிகளை எடுத்து அவற்றின் உரையாடலை மட்டும் தனியே ஆராய்ந்தால், இதற்கு நேர்மாறான ஓர் உண்மை புலப்படுகிறது. அப்பகுதிகளில் கண்ணீர் பெருகும் இடத்தில் மொழி மிக எளியதாக, அணியற்றதாக, சில வேளைகளில் அலுவலகக் குறிப்பைப் போன்று வறண்டதாக இருக்கிறது.

இக்கட்டுரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான மூன்று பகுதிகளை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது. முதலாவது, 'மேஷ்' என்னும் நகைச்சுவைத் தொடரின் மூன்றாம் பருவத்து இறுதிப் பகுதி (18 மார்ச் 1975). இரண்டாவது, 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் சிறுவர் நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பரின் மறைவைச் சொல்லும் பகுதி (24 நவம்பர் 1983). மூன்றாவது, 'பஃபி த வாம்பையர் ஸ்லேயர்' என்னும் மிகைகற்பனைத் தொடரின் 'த பாடி' என்னும் பகுதி (27 பிப்ரவரி 2001). மூன்றும் வகையால் வேறுபட்டவை. கருதும் பார்வையாளராலும் வேறுபட்டவை. மூன்றுக்கும் பொதுவானது, ஒருவர் இறந்த செய்தியை மற்றவர்க்குச் சொல்லும் கூற்று ஒவ்வொன்றின் மையமாக அமைந்திருப்பதே.

அக்கூற்றுகள் மொழியளவில் எவ்வாறு இயங்குகின்றன என்பதும், அவற்றைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் யாவை என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன. இறப்பைப் பற்றி மென்மையாகப் பேசுவதற்குத் தமிழ் மிகுந்த சொல்வளம் உடையது. இந்த மூன்று பகுதிகளைப் பொறுத்தவரை அவ்வளமே மொழிபெயர்ப்பாளரை வழிதவறச் செய்யக்கூடும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. இழவும் தகுதி வழக்கும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையை ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு என வகுக்கிறது. இவற்றுள் இழவு என்பது உயிரையோ பொருளையோ இழத்தல். பிற்காலப் பேச்சுவழக்கில் 'இழவு' சாவு வீட்டைக் குறிக்கும் சொல்லாகவும், பின்னர் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டது. இழப்பைப் பொதுவாகக் குறித்த ஒரு சொல், இறப்பைக் குறித்த அளவிலேயே வாயில் எடுக்கத் தகாத சொல்லாகிவிட்டமை கவனிக்கத்தக்கது.

இத்தகைய சொற்களைத் தவிர்க்கும் வழக்கத்தை மரபிலக்கணம் முறையாகவே பதிவு செய்துள்ளது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. மங்கலத்துக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, செத்தாரைத் துஞ்சினார் என்பது. துஞ்சுதல் என்பது உறங்குதல். புறநானூற்றின் பாடற் குறிப்புகளில் மன்னர்கள் இன்ன இடத்துத் 'துஞ்சிய' இன்னார் என்று குறிக்கப்படுதலும் இவ்வழக்கே. குழூஉக்குறியாவது, ஒரு தொழிற்குழுவினர் ஒரு பொருளின் பெயரை ஒழித்துத் தமக்குள் வேறொரு சொல்லால் வழங்குவது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு.

மங்கலமும் குழூஉக்குறியும் ஓர் இயல்பான சொல்லை மறைத்து இன்னொன்றைச் சொல்வனவே. எனினும் மறைப்பதன் நோக்கம் வேறு. மங்கலம் கேட்போரின் மனத்தைக் காக்க எழுகிறது. குழூஉக்குறி பேசுவோரின் தொழிலைக் காக்க எழுகிறது. மேற்குறித்த மூன்று பகுதிகளுள் முதலாவது குழூஉக்குறியைக் கைக்கொள்கிறது. இரண்டாவது மங்கலத்தை வேண்டுமென்றே கைவிடுகிறது. மூன்றாவது, இறந்தவரைச் சுட்டும் பெயரே மாறிப்போவதைக் காட்டுகிறது.

3. 'மேஷ்': அறிக்கையாகச் சொல்லப்படும் இறப்பு

'மேஷ்' 1972 முதல் 1983 வரை சிபிஎஸ் நிறுவனத்தால் ஒளிபரப்பப்பட்டது. 1950-53 கொரியப் போரின்போது போர்முனையை ஒட்டி இயங்கும் ஓர் இராணுவ அறுவை மருத்துவமனை கதையின் களம். மூன்றாம் பருவத்தின் இறுதியில் மருத்துவமனைத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஹென்றி பிளேக், பணிக்காலம் முடிந்து தாயகம் திரும்புகிறார். அப்பாத்திரத்தில் நடித்த மக்லீன் ஸ்டீவன்சன் தொடரிலிருந்து விலகியதால் எழுந்த கதைத் தேவை இது. பிரியாவிடை விருந்து, கேலி, பரிசு, ஹெலிகாப்டரில் ஏறப்போனவர் திரும்பி வந்து தம் எழுத்தரான இளைஞன் ரேடாரைத் தழுவிக்கொள்ளுதல் என்று பகுதி முழுவதும் வழக்கமான நகைச்சுவையோடு செல்கிறது. இறுதியில், அறுவை நடந்துகொண்டிருக்கும் கூடத்துக்குள் முகமூடி அணியாமல் ரேடார் நுழைகிறான். கையில் உள்ள தாளைப் படிக்கிறான். கர்னலை ஏற்றிச்சென்ற விமானம் ஜப்பான் கடலின்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பியவர் எவருமில்லை. செய்தி அவ்வளவே. எவரும் கதறுவதில்லை. ஏதோ ஒரு கருவி கீழே விழும் ஓசை கேட்கிறது. அறுவை தொடர்கிறது.

இத்தொடரில் பதிவு செய்யப்பட்ட சிரிப்பொலி சேர்க்கப்பட்டு வந்தது. ஆனால் அறுவைக் கூடக் காட்சிகளில் அதனைச் சேர்ப்பதில்லை என்பது தயாரிப்பாளர்கள் வலியுறுத்திக் காத்த நெறி. ஆகவே அக்கூடத்தின் அமைதி பார்வையாளருக்குப் பழகியது. புதியது, அங்குப் படிக்கப்படும் நடை. கடைசிக் காட்சிக்குரிய தாள் பெரும்பாலான நடிகர்களிடமிருந்து கடைசி நேரம் வரை மறைத்து வைக்கப்பட்டது என்பதும் பதிவாகியுள்ள செய்தி. ஒளிபரப்புக்குப் பின் பார்வையாளர்கள் எதிர்ப்புக் கடிதங்களை ஏராளமாக எழுதினர். வியட்நாம் போர் முடிவதற்குச் சில வாரங்களே இருந்த காலம் அது. நகைச்சுவைத் தொடரில் இத்தகைய முடிவு வேண்டுமா என்ற வினாவுக்கு, போரில் இறப்போர் முன்னறிவிப்போடு இறப்பதில்லை என்பதே அப்பகுதி தந்த விடை.

மொழிநிலையில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, பெயர். ரேடார் நாள்தோறும் அவரைப் பணிவுச் சொல்லால் விளித்தவன். மற்றவர்கள் 'ஹென்றி' என்றே அழைத்தனர். அறிக்கையில் அவர் பதவிப் பெயருடன் கூடிய முழுப்பெயராகிவிடுகிறார். இரண்டாவது, செயப்பாட்டு வினை. சுட்டவர் யார் என்பது இல்லை. எழுவாய் விமானமே, மனிதர் அன்று. 'இறந்தார்' என்ற வினை எங்கும் வருவதில்லை. மூன்றாவது, விமானம் சுழன்று வீழ்ந்ததைக் குறிக்கும் விமானப்படைக் குழூஉக்குறி. அதனைச் சொல்பவன் விமானி அல்லன்; எழுத்தர். தன்னுடையதல்லாத ஒரு தொழிலின் சொல்லைத் தன் அன்புக்குரியவரைப் பற்றிப் படிக்க நேரும் நிலையே அவன் துயரத்தின் வடிவம்.

தமிழில் இங்கு ஏற்படக்கூடிய பிழைகள் எளிதில் ஊகிக்கத்தக்கவை. 'ஹென்றி நம்மை விட்டுப் போய்விட்டார்' என்று பெயர்ப்பது மங்கலத்தைப் புகுத்திக் குழூஉக்குறியை அழிப்பதாகும். இராணுவத்தார் இறப்புக்குத் தமிழ் இதழியல் வழங்கும் 'வீரமரணம் எய்தினார்' என்னும் தொடர் இன்னும் பொருந்தாது. பிளேக் மருத்துவர், போர்முனையை விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர், அவர் இறப்பில் வீரத்துக்கு இடமில்லை என்பதே காட்சியின் கசப்பு. நுட்பமான இன்னொரு பிழை '-ஆம்' விகுதி பற்றியது. பிறர் தந்த செய்தியைச் சொல்லும்போது 'சுட்டு வீழ்த்தப்பட்டதாம்' என்பது பேச்சுத் தமிழில் இயல்பு. ஆனால் அவ்விகுதி செய்தியின் பொறுப்பைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்பவனுக்கு ஒரு விலகலைத் தந்துவிடுகிறது. ரேடாருக்கு அவ்விலகல் இல்லை. அவன் செய்தியை எடுத்துரைப்பதில்லை, படிக்கிறான். ஆகவே எழுத்துத் தமிழின் செயப்பாட்டு வாக்கியம், பேச்சுத் தமிழாக மாற்றப்படாமல் அப்படியே அவன் வாயில் வரவேண்டும். இரட்டை வழக்குடைய மொழியாதலின் தமிழுக்கு இங்கு ஒரு நன்மையும் உண்டு. அதுவரை பேச்சுத் தமிழில் உரையாடிய ஒருவன் திடீரென எழுத்துத் தமிழில் பேசும்போது, கேட்போர் முதற்சொல்லிலேயே தீங்கை உணர்ந்துகொள்வர். ஆங்கிலத்தில் இவ்வளவு கூர்மையான வேறுபாட்டுக்கு வழியில்லை.

இப்பகுதியின் தலைப்பு ஒரு சொல் விளையாட்டு. எத்தியோப்பியாவின் பழைய பெயரான அபிசீனியா, விரைந்த ஆங்கிலப் பேச்சில் 'மீண்டும் பார்க்கலாம்' என்னும் தொடர்போல் ஒலிக்கும். இச்சிலேடையைத் தமிழில் ஆக்க முயல்வது வீண். ஆனால் அதன் பணியை ஆற்றவல்ல வழக்கு தமிழில் முன்னரே உள்ளது. விடைபெறும் தமிழர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'வருகிறேன்' என்றோ 'போய் வருகிறேன்' என்றோதான் சொல்வர். செல்வதை வருவதாகச் சொல்லும் இது அன்றாட மங்கலம். விடைபெறும் காட்சியில் பிளேக் இச்சொல்லை மிக இயல்பாகச் சொல்லிச் சென்றாலே போதும். இறுதி அறிக்கை அச்சொல்லைப் பொய்யாக்கிவிடும். ஓரிடத்தில் இழந்ததை வேறிடத்தில் ஈடுசெய்தல் என்று மொழிபெயர்ப்பியல் கூறுவதற்கு இது தக்க சான்று.

இப்பகுதியைக் குறித்து ஒரு குறையும் சொல்லத்தக்கது. அறிக்கைக்குப் பின் பிளேக்கின் சிரித்த முகத்தைக் காட்டும் பழைய காட்சித் துணுக்குகள் தொகுத்துக் காட்டப்படுகின்றன. அறிக்கையின் நடை எந்த ஆறுதலைத் தர மறுத்ததோ அந்த ஆறுதலை இத்தொகுப்பு அவசரமாகத் தந்துவிடுகிறது. சொல் காத்த அமைதியைப் படம் காக்கவில்லை.

4. 'செசமி ஸ்ட்ரீட்': மங்கலம் தவிர்த்த கூற்று

1969 நவம்பரில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' பள்ளி செல்லாச் சிறுவர்க்கான கல்வி நிகழ்ச்சி. அதில் மூலைக்கடை வைத்திருக்கும் முதியவர் ஹூப்பராகத் தொடக்கம் முதல் நடித்துவந்த வில் லீ 1982 டிசம்பர் 7 அன்று காலமானார். வேறொரு நடிகரை அமர்த்துவது, ஹூப்பர் ஓய்வுபெற்று வெளியூர் சென்றதாகச் சொல்வது ஆகிய வழிகள் இருந்தும் தயாரிப்பாளர்கள் அவற்றைக் கொள்ளவில்லை. குழந்தை உளவியலாளர் முதலியோரின் அறிவுரையோடு, நார்மன் ஸ்டைல்ஸ் எழுதிய பகுதி, நன்றி நவிலல் நாளன்று ஒளிபரப்பப்பட்டது. பெற்றோர் வீட்டில் இருக்கும் விடுமுறை நாள் ஆதலால் குழந்தையின் வினாக்களுக்கு உடனிருந்து விடை சொல்வர் என்பது அந்நாளைத் தேர்ந்தமைக்குக் காரணம்.

அறிவுரையின் சாரம் மொழியியலார்க்கு மிகுந்த அக்கறை தரவல்லது. இறந்தார் என்பதை நேராகச் சொல்லவேண்டும். போய்விட்டார், உறங்குகிறார் என்றெல்லாம் சொல்லலாகாது. உறக்கம் என்று கேட்ட குழந்தை உறங்க அஞ்சும். போனார் என்று கேட்ட குழந்தை அவர் வரவுக்காகக் காத்திருக்கும். நோயையும் முதுமையையும் காரணமாகச் சொன்னால், நோயுற்ற தாயையும் முதிர்ந்த பாட்டியையும் எண்ணிக் கலங்கும். சொல்லவேண்டியவை மூன்றே: அவர் இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார், அவரை நினைவில் வைத்திருக்கலாம்.

பகுதியின் அமைப்பு எளிது. ஆறு வயதுக் குழந்தையின் மனநிலை கொண்ட 'பிக் பேர்ட்' என்னும் பெரிய பறவை, தெருவில் உள்ள பெரியவர் ஒவ்வொருவரையும் படமாக வரைந்து வந்து கொடுக்கிறது. கடைசிப் படம் ஹூப்பருடையது. அவர் எங்கே என்று கேட்கிறது. அவர் இறந்ததை முன்னரே சொன்னோமே என்று பெரியவர்கள் நினைவூட்டுகின்றனர். ஆம், நினைவிருக்கிறது, அவர் திரும்பி வரும்போது கொடுக்கிறேன் என்கிறது பறவை. செய்தி காதில் விழுந்தது, பொருள் விளங்கவில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியே இக்காட்சியின் கரு. பெரியவர்கள் மீண்டும் ஒருமுறை, இன்னும் எளிய சொற்களால் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லும் நடிகர்களின் கண்கள் கலங்கியிருப்பது திரையிலேயே தெரிகிறது. அவர்களும் உடன் நடித்த ஒருவரை இழந்தவர்களே.

தமிழில் இதனைப் பெயர்க்கும்போது சொல்வளமே தடையாகிறது. காலமானார், மறைந்தார், தவறிவிட்டார், போய்ச் சேர்ந்தார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார் ஆகிய யாவும் பெரியோரிடையே வழங்கும் மதிப்புமிக்க தொடர்கள். இவற்றுள் பலவற்றில் இயக்க வினையோ காணாமற்போதலோ பொதிந்துள்ளது. அதாவது, குழந்தைக்குச் சொல்லக்கூடாது என்று அறிஞர்கள் விலக்கிய உருவகங்களே தமிழின் கண்ணியமான வழக்காக நிலைபெற்றுள்ளன. 'துஞ்சினார்' என்பது இன்று பேச்சில் இல்லை; ஆயினும் 'மீளாத் துயில்' என்னும் தொடர் இரங்கல் அறிவிப்புகளில் உறக்க உருவகத்தை உயிரோடு வைத்துள்ளது. எஞ்சுவன இரண்டே வினைகள்: 'செத்துப்போ', 'இற'. முன்னது நேரானது, ஆனால் அதிலும் 'போ' என்னும் துணைவினை உண்டு, மதிப்புக்குரிய மனிதரைப் பற்றிச் சொல்ல நா எழாது. பின்னது பழந்தமிழில் கடத்தல், மிகுதல் என்னும் பொருள்களை உடையது. 'இறந்த காலம்' என்னும் இலக்கணக் கலைச்சொல்லில் அப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. எனினும் இன்றைய குழந்தையின் செவிக்கு அவ்வேர்ப்பொருள் எட்டுவதில்லை. எனவே 'ஹூப்பர் இறந்துவிட்டார். இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை' என்பதே ஏற்றது. 'இறந்துவிட்டார்' என்னும் சொல் செய்தித்தாளுக்கும் உரியது, வீட்டுப் பேச்சுக்கும் உரியது. எந்த உலகத்துக்கும் அவரை அனுப்பிவைப்பதில்லை.

இன்னும் இரண்டு இடங்கள் ஆழ்ந்து நோக்கத்தக்கன. ஒன்று, பறவையின் பெயர்த் திரிபு. பல்லாண்டுகளாகப் பிக் பேர்ட் ஹூப்பரின் பெயரை லூப்பர், கூப்பர் என்று தவறாகவே சொல்லிவந்தது. அவரும் மற்றவரும் திருத்துவர். அது தொடரின் நிலையான நகைச்சுவை. இறப்பை உணர்ந்த பின், பறவை படத்தைப் பார்த்து, லூப்பர் இல்லாத குறையைத் தான் உணரப்போவதாகச் சொல்கிறது. அருகில் இருக்கும் மரியா, ஹூப்பர் என்று மெல்லத் திருத்துகிறாள். பலரையும் கலங்கவைக்கும் இடம் இது. திருத்தம் அதுவே, திருத்த வேண்டியவர் மட்டும் இல்லை. அவர் இடத்தில் நின்று மற்றொருவர் அதனைச் செய்வதே இழப்பையும் தொடர்ச்சியையும் ஒருங்கே காட்டுகிறது.

தமிழ்க் குழந்தை அக்கம்பக்கத்து முதியவரைப் பெயர் சொல்லி அழைக்காது, தாத்தா என்னும். பண்பாட்டுக்கு இயைய 'ஹூப்பர் தாத்தா' என்று பெயர்ப்பது இயல்பே. ஆனால் உறவுப்பெயர் வந்தவுடன் இயற்பெயர் உதிர்ந்து, 'தாத்தா' மட்டும் எஞ்சும் போக்கு தமிழில் வலிமையானது. பெயர் உதிர்ந்தால் திரிபு இல்லை. திரிபு இல்லையேல் திருத்தம் இல்லை. திருத்தம் இல்லையேல் காட்சியே இல்லை. ஆகவே உறவுப்பெயரைச் சேர்த்தாலும், பறவை வாயில் 'லூப்பர் தாத்தா' என்னும் முழுத்தொடர் முதற் பகுதியிலிருந்தே இடைவிடாது வந்திருத்தல் வேண்டும்.

மற்றொன்று, பறவையின் வினாவும் கோர்டன் தரும் விடையும். ஏன் இப்படி இருக்கவேண்டும், ஒரு காரணமாவது சொல்லுங்கள் என்று பறவை கேட்கிறது. காரணம் சொல்லத் தொடங்கும் இணைப்புச் சொல்லோடு கோர்டனின் விடை நின்றுவிடுகிறது; அதன்பின் காரணம் வருவதில்லை. இத்தொடர் அங்குத் திடீரென முளைத்ததன்று. பகுதியின் தொடக்கத்தில் பறவை தலையைக் கால்களுக்கிடையே நுழைத்துக்கொண்டு விளையாட்டாக நடந்து வருகிறது. ஏன் என்று கேட்ட கோர்டனுக்கு அது தந்த விடை இதே தொடர்தான். விளையாட்டில் குழந்தை சொன்ன காரணமின்மையைச் சாவைப் பற்றிப் பெரியவர் திருப்பிச் சொல்கிறார்.

இவ்விரண்டு இடங்களையும் தனித்தனியே பெயர்ப்பவர் முதலாவதில் 'சும்மாதான்' என்று எழுதுவார். அது அவ்விடத்துக்கு மிகப் பொருத்தம். ஆனால் இறப்பைப் பற்றிய வினாவுக்குச் 'சும்மாதான்' என்பது கொடுமையான விடையாகிவிடும். எனவே இரண்டாவதில் 'அதுதான் இயற்கை', 'அதுதான் விதி' என்பன போன்ற தொடரை நாடுவார். அப்போது காரணம் ஒன்று வந்துவிடுகிறது. அதனோடு ஒரு தத்துவமும் சமயமும் வந்துவிடுகின்றன. மூலம் தவிர்த்தது அதனையே. இரண்டு இடத்துக்கும் பொருந்தும் சொல் தமிழில் உண்டு: 'அப்படித்தான்'. 'ஏன் இப்படி நடக்கிறாய்?' 'அப்படித்தான்!' என்பதில் குறும்பு ஒலிக்கிறது. 'ஏன் இப்படி ஆகவேண்டும்?' 'அப்படித்தான்' என்பதில் கையறுநிலை ஒலிக்கிறது. ஒரே சொல், தேற்றேகாரம்போல் வரும் அந்தத் 'தான்' ஒன்றே இரு வேறு சுமைகளைத் தாங்குகிறது.

பகுதியின் முடிவில் ஒரு கைக்குழந்தை தெருவுக்கு வருகிறது. நேற்றுவரை இல்லாதவர்கள் இன்று வந்துவிடுகிறார்கள், குழந்தைகளிடம் உள்ள சிறப்பு அது என்னும் பொருள்படப் பறவை பேசுகிறது. தான் அறிந்துகொண்ட இறப்பைத் தலைகீழாக்கிச் சொல்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. இங்கும் அணியில்லை, இருத்தல், வருதல் என்னும் இரண்டு வினைகளே உள்ளன.

5. 'த பாடி': பெயர் மாறும் கணம்

மூன்றாவது பகுதியை எழுதி இயக்கியவர் ஜாஸ் வீடன். அமானுட ஆற்றல்களுக்கிடையே வாழும் பஃபி என்னும் இளம்பெண், வீடு திரும்பியபோது தாய் இறந்து கிடப்பதைக் காண்கிறாள். அத்தொடரில் கொலையும் மாயமும் வழக்கம்; இந்த இறப்போ இயற்கையானது. பகுதி முழுவதும் பின்னணி இசை இல்லை. கண்ணீரை இசையே வரவழைக்கிறது என்னும் பொதுக் கருத்துக்கு இது போதிய மறுப்பு.

உதவிக்கு வந்த பெரியவர் கைல்ஸ் கிடப்பவளை அணுகும்போது, உடலை நகர்த்தக்கூடாது என்று பஃபி கத்துகிறாள். அடுத்த கணம் தன் சொல்லுக்குத் தானே அதிர்ந்து நிற்கிறாள். அதுவரை அவள் தாயை 'அம்மா' என்றே விளித்து எழுப்ப முயன்றவள். முன்னிலை படர்க்கையாயிற்று, உயர்திணை அஃறிணையாயிற்று. அறிக்கை எதுவும் இல்லாமல், ஒரு பெயர்ச்சொல்லின் மாற்றத்தாலேயே இறப்பு அங்கு உறுதியாகிறது.

ஆங்கிலச் சொல் உயிருள்ள உடலுக்கும் உயிரற்ற உடலுக்கும் பொது. தமிழில் உடல், சடலம், பிணம், பிரேதம் என்று பிரிவுகள் உண்டு. 'பாடி' என்னும் கடன்சொல், மருத்துவமனைத் தமிழில் உயிரற்ற உடலையே பெரிதும் குறிக்கிறது. உறவினர்கூட அதனை மருத்துவமனை வாயிலில் தயக்கமின்றி வழங்குவதுண்டு. தாய்மொழிச் சொல்லைச் சொல்ல நா கூசுவதாலேயே கடன்சொல் மங்கலத்தின் பணியை ஏற்றுக்கொண்டது எனலாம். மொழிபெயர்ப்பில் 'பிணம்' என்றால் அதிர்ச்சி பஃபிக்கு முன்னரே பார்வையாளருக்கு வந்துவிடும். 'பாடி' என்றால் வழக்கத்தின் மழுக்கம் வந்துவிடும். 'உடம்பை அசைக்கக்கூடாது' என்பதே உயிரின் பக்கமும் சாவின் பக்கமும் சாயாமல் நின்று, சொன்னவளைத் திடுக்கிடச் செய்யும் சொல்.

ஆயிரமாண்டுக் காலம் பேயினத்தில் வாழ்ந்து மனித வாழ்வுக்குப் புதியவளான ஆன்யா என்னும் பாத்திரம், இறந்தவள் ஏன் உடம்புக்குள் திரும்பி வரமுடியாது என்று கேட்டு, இனி அவள் கொட்டாவி விடமாட்டாள், தலை வாரமாட்டாள் என்பன போன்ற சிறு செயல்களை அடுக்குகிறாள். பிக் பேர்டின் வினாவே வளர்ந்த பெண்ணின் வாயில் வருகிறது. தமிழ் ஒப்பாரியிலும் இறந்தவரின் அன்றாடச் செயல்கள் அடுக்கப்படுவது உண்டு. ஆனால் ஒப்பாரி விளியோடும் உவமையோடும் இயங்குவது. இப்பேச்சை அந்த ஓசைக்கு ஏற்றினால், வழக்கு அறியாதவளின் தடுமாற்றம் வழக்கு அறிந்தவளின் புலம்பலாகிவிடும்.

இப்பகுதியில் குரலேற்றத்தால் மீட்கமுடியாத இடமும் ஒன்று உண்டு. மருத்துவர் பஃபிக்கு ஆறுதல் சொல்லும்போது, அவர் உதடசைவுக்குப் பொருந்தாத வேறொரு வாக்கியம், உனக்காகப் பொய் சொல்கிறேன் என்னும் கருத்தில், அவர் குரலிலேயே கேட்கிறது. அது பஃபியின் மனம் கேட்பது. குரலேற்றம் செய்த வடிவத்தில் எந்த வாக்கியமும் உதட்டோடு முழுமையாகப் பொருந்துவதில்லை. ஆகவே அந்த ஒரு பொருந்தாமை தன் குறியீட்டு ஆற்றலை இழக்கிறது. இத்தகைய பகுதிகளுக்குத் துணையுரையே ஏற்றது என்பதற்கு இது வலுவான காரணம்.

6. மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டுவன

மேற்கண்ட ஆய்வுக்கு ஒரு மறுப்பு எழலாம். ஆண்டுக்கணக்கில் பழகிய பாத்திரம் இறந்தால் எந்த நடையில் சொன்னாலும் பார்வையாளர் அழுவர். எனவே நடைக்குத் தனிச்சிறப்பு இல்லை என்பது அம்மறுப்பு. பழக்கத்தின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பழக்கம் எங்கே சேமிக்கப்பட்டுள்ளது என்று கேட்டால், விளிகளிலும், தவறாகச் சொல்லப்படும் பெயர்களிலும், திரும்பத் திரும்ப வரும் வேடிக்கைத் தொடர்களிலும் என்றே விடை கிடைக்கிறது. நினைவு மொழியில்தான் தங்கியுள்ளது. கண்ணீர்க் காட்சி அம்மொழியைக் குலைப்பதாலோ, குலையாமல் வேறொருவர் வாயில் வைப்பதாலோ விளைகிறது. ஒரு காட்சியை மட்டும் செப்பமாகப் பெயர்த்து இவ்விளைவைப் பெறமுடியாது.

இதிலிருந்து சில நெறிகள் பெறப்படும். தொடர் முழுவதற்கும் விளிகள், பெயர்த் திரிபுகள், மீள்வரும் தொடர்கள் ஆகியவற்றின் பட்டியல் ஒன்று மொழிபெயர்ப்பாளர் கையில் இருத்தல் வேண்டும். ஒரு தொடரின் பகுதிகளைப் பலரிடம் பிரித்துக் கொடுக்கும்போது இப்பட்டியல் இன்றியமையாததாகிறது. துயரக் காட்சி என்பதற்காக நடையை உயர்த்துதல் கூடாது. மூலத்தில் அறிக்கை எனில் அறிக்கையாகவும், குழந்தைப் பேச்சு எனில் குழந்தைப் பேச்சாகவும் அமைதல் வேண்டும். மூலம் காரணம் சொல்லாத இடத்தில் விதியையோ இயற்கையையோ இறைவனையோ கொணர்ந்து நிரப்புதல் கூடாது.

இவற்றுள் சிறுவர் நிகழ்ச்சிக்குரிய நெறி திறனாய்வின் எல்லையையும் கடந்தது. 'செசமி ஸ்ட்ரீட்' 2006இல் 'கல்லி கல்லி சிம் சிம்' என்னும் பெயரில் இந்தியில் இந்திய வடிவம் பெற்றது. சிறுவர்க்கான பிறமொழி நிகழ்ச்சிகள் தமிழில் குரலேற்றம் பெறுவதும் வழக்கமாகிவிட்டது. இறப்பைப் பற்றி ஒரு குழந்தை முதன்முதலில் கேட்கும் வாக்கியம் தொலைக்காட்சியிலிருந்து வருவதாக இருக்கலாம். அவ்வாக்கியம் 'சாமிகிட்ட போயிட்டார்' என்பதாக இருப்பின் அக்குழந்தை அடுத்துக் கேட்பது, எப்போது திரும்பி வருவார் என்பதே. அவ்வினாவுக்கு விடை சொல்லும் பொறுப்பை மொழிபெயர்ப்பாளர் பெற்றோர்மேல் சுமத்திவிடுகிறார்.

7. முடிவுரை

மரபிலக்கணம் மங்கலத்தைத் தகுதி வழக்கு என்றது. தகுதியாவது, இடமும் கேட்போரும் நோக்கி இதுவே தக்கது எனக் கொள்ளுதல். எனவே கேட்போர் மாறினால் தக்கதும் மாறும். துயருற்ற பெரியோர்முன் 'துஞ்சினார்' என்பது தகுதியாயின், ஐந்து வயதுக் குழந்தைமுன் 'இறந்துவிட்டார்' என்பதே தகுதி. அறுவைக் கூடத்தில் நிற்கும் மருத்துவர்க்குத் தகுதி, வறண்ட அறிக்கை. தாயின் அருகே நிற்கும் மகளுக்கு எந்தச் சொல்லும் தகுதியாவதில்லை. அவள் சொன்னதும் அதிர்ந்ததும் அதனாலேயே. மூன்று பகுதிகளும் தம் தம் கேட்போர்க்குத் தக்க சொல்லைத் தேடிக் கண்டவை. அத்தேடலைத் தமிழில் மீண்டும் ஒருமுறை, தமிழின் சொற்களுக்கிடையே நிகழ்த்துவதே மொழிபெயர்ப்பாளரின் பணி.